மரணக் கணக்கைப் படிக்கும் முறை

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. கிடங்கில் எண்ணிய இருப்பு ஒன்று, பேரேட்டில் கண்ட இருப்பு வேறொன்று என்றால் பொதுக்குழுவில் கேள்வி எழுகிறது, எழுவதே நியாயம். நூல் கட்டு ஒன்று குறைந்தாலும் விளக்கம் கேட்கும் நம் அங்கத்தினர்கள், மனித உயிர்களைப் பற்றிய கணக்கில் இரண்டு அலுவலகங்கள் இரண்டு தொகைகளை வெளியிடும்போது என்ன செய்கிறார்கள்? ஒரு சாரார் “எல்லாம் பொய்க் கணக்கு” என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறார்கள். மற்றொரு சாரார் தமக்கு உகந்த தொகையை எடுத்துக்கொண்டு, மற்றதை மறந்துவிடுகிறார்கள். இவ்விரண்டும் கணக்கறிந்தவர்களுக்கு அழகல்ல.

மரணக் கணக்கையும் வரவு செலவுக் கணக்கைப் போலவே நிதானமாகப் படிக்க வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? இறந்த தேதியை வைத்தா, செய்தி கிடைத்த தேதியை வைத்தா? எந்த நாளில் முடித்த கணக்கு? இம்மூன்றையும் கேட்டறிந்த பின்னரே ஒரு தொகையை மற்றொரு தொகையோடு ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிட்டால் இரண்டு தொகைகளும் மெய்யாக இருப்பது பல சமயங்களில் விளங்கும். மெய்யல்லாதது ஒன்று இருந்தால், அது இன்ன இடத்தில் தவறியது என்பதும் விளங்கும். இதனைச் சங்கங்களை ஆய்வு செய்யும் கடமையிலுள்ளவன் என்ற முறையில் அங்கத்தினர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வடசென்னை கண்ட பாடம்

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதி அங்கத்தினர்களுக்கு 2020ஆம் ஆண்டின் கோடைக் காலத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. துறைமுகத் தொழிலாளரும், ஆலைத் தொழிலாளரும், காசிமேட்டு மீனவரும் நெருக்கமாக வாழும் பகுதி இது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றியதால் அவர் பெயரைத் தாங்கி, நாளடைவில் காலடிப்பேட்டை என மருவிய ஊரும் இங்கேதான் உள்ளது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இத்தகைய இடத்தில் கொரோனாத் தொற்று வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. அவ்வாண்டு மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் மாநகராட்சியின் 15 மண்டலங்களில் இராயபுரம் மண்டலமே நோயாளிகள் மிகுந்த மண்டலமாக விளங்கியது.

அந்நாட்களில் மாநிலச் சுகாதார இலாகா நாள்தோறும் மாலையில் ஓர் அறிக்கை வெளியிட்டு வந்தது. 2020 ஜூன் 10 அன்று வெளியான அறிக்கையின்படி, அதுவரை மாநிலம் முழுவதிலும் இத்தொற்றினால் இறந்தோர் 326 பேர். ஆனால் சென்னை மாநகராட்சியின் மரணப் பதிவேட்டில் கண்ட இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் மாநிலப் பட்டியலில் காணப்படவில்லை என்ற செய்தி அதே வாரத்தில் வெளியாயிற்று. இரண்டும் அரசாங்கக் கணக்குகளே. மக்கள் திகைத்ததும் ஐயுற்றதும் இயல்பு.

பொதுச் சுகாதார இலாகாவைச் சேர்ந்த மருத்துவர் வடிவேலன் அவர்கள் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நேர்ந்த மரணங்களை அக்குழு பதிவேடுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. அதன் முடிவாக, விடுபட்டிருந்த 444 மரணங்கள் கொரோனா மரணங்களே என்று ஏற்கப்பட்டு, ஜூலை 22 அன்று மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. முதல் நாள் வரை 2,626 என்றிருந்த மொத்தத் தொகை, அன்றைய புதிய மரணங்கள் 74, பழைய மரணங்கள் 444 ஆகியவற்றையும் சேர்த்து 3,144 ஆயிற்று.

இந்த எண்களைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஜூன் 10 வரை மாநிலம் முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட தொகை 326. அதே காலத்துக்குச் சென்னை நகரில் மட்டும் விடுபட்ட தொகை 444. அதாவது, கணக்கில் வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம். இவ்வுண்மை ஜூலை மாத இறுதியில்தான் வெளிப்பட்டது. இதற்கிடையில் ஜூன் 19 முதல் சென்னையிலும் அண்டை மாவட்டங்களின் பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு அமலுக்கு வந்தது. நோய் எவ்வளவு கொடியது, எந்தத் தெருவுக்கு மருத்துவர் முதலில் போக வேண்டும், எத்தனை படுக்கைகள் வேண்டும் என்றெல்லாம் தீர்மானிக்க வேண்டிய வாரங்களில், பொதுமக்கள் முன்னிருந்த கணக்கு பாதிக்கும் குறைவான கணக்கு.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நாள்தோறும் வெளியான அறிக்கைகளை மட்டும் வைத்து ஒருவர் வரைபடம் எழுதினால், ஜூலை 22 அன்று ஒரே நாளில் 518 பேர் மாண்டதாகத் தோன்றும். உண்மையில் அவர்களில் 444 பேர் மார்ச் 1க்கும் ஜூன் 10க்கும் இடைப்பட்ட நாட்களில் மறைந்தவர்கள். கூட்டுத்தொகை சரி, காலம் தவறு. காலம் தவறிய கணக்கு, நோய் குறைந்திருந்த நாளில் பீதியையும், நோய் மிகுந்திருந்த நாளில் பொய்யான ஆறுதலையும் தரும்.

மூன்று தேதிகள்

ஒவ்வொரு மரணத்துக்கும் மூன்று தேதிகள் உண்டு. உயிர் பிரிந்த தேதி ஒன்று. அச்செய்தி சம்பந்தப்பட்ட இலாகாவுக்குக் கிடைத்த தேதி மற்றொன்று. பதிவாளரின் ஏட்டில் ஏறிய தேதி மூன்றாவது. மூன்றும் ஒரே நாளாக அமைவது அரிது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் மரணத்தை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கு மேல் 30 நாட்கள் வரை தாமதக் கட்டணத்துடன் பதியலாம். 30 நாட்களுக்கு மேல் ஓராண்டுக்குள் மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் பதிய இயலாது. ஆகவே, சட்டத்துக்கு உட்பட்டே ஒரு மரணம் நேர்ந்த மாதத்துக்கும் பதிவான மாதத்துக்கும் இடைவெளி ஏற்படலாம்.

கடலுக்குச் சென்று திரும்பாத மீனவரின் நிலை இன்னும் கடினமானது. உடல் கிடைக்காதபோது, பொதுவான சட்ட விதிப்படி ஏழாண்டுகள் யாதொரு செய்தியும் இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்துவிட்டதாகக் கொள்ள இடமுண்டு. அப்படிப்பட்ட மரணம் ஏட்டில் ஏறும் ஆண்டுக்கும் படகு கவிழ்ந்த ஆண்டுக்கும் உள்ள தூரத்தை அங்கத்தினர்களே எண்ணிக்கொள்ளலாம்.

இந்நிலை நமக்குப் புதியதல்ல. மார்ச் 30 அன்று சங்கம் ஒரு காசோலை கொடுக்கிறது. நூல் வியாபாரி அதை ஏப்ரல் 4 அன்று வங்கியில் செலுத்துகிறார். மார்ச் 31 அன்று சங்கத்தின் ரொக்கப் புத்தகம் ஒரு தொகை காட்டும். வங்கிப் புத்தகம் வேறொரு தொகை காட்டும். இதற்காகக் காரியதரிசியைக் கள்வன் என்றோ, வங்கியை மோசக்காரன் என்றோ எவரும் சொல்வதில்லை. இரண்டையும் இணைத்துச் சரிகட்டும் பட்டியல் ஒன்றை எழுதுகிறோம். ஆனால் ஒன்று: அப்பட்டியலைக் காரியதரிசி எழுதாமலே “காலதாமதத்தால் வந்த வித்தியாசம்” என்று வாயால் சொல்லிவிட்டால் தணிக்கை அதிகாரி ஏற்பாரா? மாட்டார். எந்தக் காசோலை, எந்தத் தேதி, எவ்வளவு என்று வரிவரியாகக் காட்டியாக வேண்டும். சென்னைக் குழு செய்ததும் இந்த வேலைதான். தாமதமாயினும் அது செய்யப்பட்டது பாராட்டுக்குரியது. கேள்வி எழுந்த பிறகுதான் செய்யப்பட்டது என்பது வருந்தத்தக்கது.

இது நம் நகருக்கு மட்டும் நேர்ந்ததன்று. சீனத்தின் வூஹான் நகரம் 2020 ஏப்ரல் 17 அன்று, விடுபட்டிருந்த 1,290 மரணங்களைச் சேர்த்து, மொத்தத்தை 3,869 என்று திருத்தியது. பீகார் மாநிலம் 2021 ஜூன் மாதத்தில் 3,951 மரணங்களை ஒரே நாளில் சேர்த்தது. அதனால் மறுநாள் இந்தியா முழுவதற்குமான தினசரித் தொகை 6,000க்கு மேல் உயர்ந்து, உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. செய்தியின் உட்புறத்தைப் படிக்காதவர்கள், நோய் மீண்டும் பொங்கிவிட்டது என்றே எண்ணினர்.

காலவரம்பை மாற்றுவதாலேயே தொகை குறைந்ததும் உண்டு. பிரிட்டனில் ஒரு காலத்தில், இங்கிலாந்துப் பகுதியில் தொற்று உறுதியானவர் எத்தனை மாதம் கழித்து எக்காரணத்தால் இறந்தாலும் கொரோனா மரணம் என்றே எண்ணப்பட்டது. 2020 ஆகஸ்டு 12 முதல், பரிசோதனைக்குப் பின் 28 நாட்களுக்குள் நேர்ந்த மரணங்களை மட்டும் எண்ணுவதென முடிவாயிற்று. மொத்தத் தொகையிலிருந்து ஒரே நாளில் 5,000க்கு மேற்பட்ட மரணங்கள் நீங்கி, 41,329 ஆயிற்று. மாண்டவர் எவரும் மீண்டுவரவில்லை. எண்ணும் வரம்புதான் மாறியது.

ஒப்பிடும் காலம் ஒத்திருக்க வேண்டும்

2022ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 24 அன்று வந்தது. 2023இல் நவம்பர் 12 அன்று வந்தது. ஒரு நெசவாளர் சங்கத்தின் அக்டோபர் மாத விற்பனையை இவ்விரு ஆண்டுகளுக்கும் ஒப்பிட்டு, “விற்பனை சரிந்துவிட்டது” என்று ஒருவர் கூக்குரலிட்டால் அனுபவமுள்ள அங்கத்தினர் சிரிப்பார். அறுவடை சில வாரங்கள் தள்ளிப்போன ஆண்டில் டிசம்பர் மாத நெல் வரவைப் பார்த்து விளைச்சல் குறைந்தது என்று சொல்வதும் அத்தகையதே. நம் தொழிலில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் விஷயம், மரணக் கணக்கில் மட்டும் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பிரசவத்தில் தாய்மார் இறக்கும் விகிதத்தை எடுத்துக்கொள்வோம். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் உயிரிழந்தனர் என்பதே அவ்விகிதம். மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி தமிழ்நாட்டில் இது 2017–19க்கு 58 என்றும், 2018–20க்கு 54 என்றும் வெளியாயிற்று. “ஓராண்டில் 4 குறைந்தது” என்று பலரும் எழுதினர். ஆனால் இவை ஒவ்வொன்றும் மூன்றாண்டுத் தொகுப்பு. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகள் இரண்டிலும் பொதுவாக இருக்கின்றன. முதல் தொகுப்பில் இருந்த 2017 வெளியேறி, அதன் இடத்தில் 2020 வந்தது, அவ்வளவே. ஆகவே அந்த 4 என்ற வித்தியாசம், 2017க்கும் 2020க்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டுகிறது. முன்னேற்றம் மெய்யானது, மகிழ வேண்டியது. ஆனால் அது ஓராண்டு முன்னேற்றம் அல்ல. சுகாதார இலாகாவின் சொந்தக் கணக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள ஆண்டைக் கொண்டது. மூன்றாண்டுச் சராசரியை ஓராண்டுக் கணக்கோடு வைத்து, “மத்திய கணக்கு ஒன்று, மாநிலக் கணக்கு ஒன்று” என்று குறை கூறுவது முறையன்று. கூட்டுறவு ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை இருந்த பழைய காலத்து இலாப நட்டத்தை, ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள இக்காலத்து இலாப நட்டத்தோடு அப்படியே நேருக்கு நேர் வைக்க நம்மில் யாரும் துணியமாட்டோம்.

இந்தியா முழுவதற்குமான மரணப் பதிவுகளும் இதே எச்சரிக்கையுடன் படிக்கத்தக்கவை. 2018இல் பதிவான மரணங்கள் சுமார் 69.5 லட்சம், 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் சுமார் 102 லட்சம். 2020இல் நேர்ந்த உயர்வு 4.8 லட்சத்தை ஒட்டியது. இதைக் கண்டு, “இவ்வளவும் கொரோனாவால் வந்தது” என்பார் ஒருவர். ஆனால் கொரோனா என்ற பெயரே தோன்றாத 2019இல், முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 7 லட்சம் உயர்ந்திருந்ததே! அவ்வுயர்வில் பெரும்பங்கு, பதிவு செய்யும் பழக்கம் பரவியதால் வந்தது. எனவே 2020ஆம் ஆண்டின் உயர்வை மட்டும் வைத்து, நோயினால் வந்த இழப்பு இவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. ஊரடங்கின்போது பதிவு அலுவலகங்களுக்குச் செல்ல இயலாமல் அவ்வாண்டு மரணங்களில் ஒரு பகுதி 2021இன் ஏட்டில் ஏறியிருப்பதற்கும் இடமுண்டு.

அவ்வாறெனில் 2021இன் உயர்வையும் பழக்கம், தாமதம் என்று தள்ளிவிடலாமா? கூடாது. 81 லட்சத்திலிருந்து 102 லட்சத்துக்கு ஒரே ஆண்டில் 21 லட்சம் உயர்வது, எந்தப் பதிவுச் சீர்திருத்தத்தாலும் எளிதில் விளக்கக் கூடியதன்று. அவ்வாண்டில் கொரோனா மரணங்களாக அரசாங்கம் அறிவித்தவை சுமார் 3.3 லட்சம் மட்டுமே. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளுக்கும் சேர்த்து இந்தியாவில் வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்கள் 47 லட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. இந்திய அரசாங்கம் அம்முறையை ஏற்க மறுத்தது. ஒன்று நேரில் எண்ணி எழுதிய தொகை. மற்றொன்று வழக்கமான மரணங்களுக்கு மேல் எவ்வளவு என்று கணித்த மதிப்பீடு. இரண்டும் இருவேறு கேள்விகளுக்கான விடைகள். இரண்டுக்கும் நடுவில் பெரும் பள்ளம் இருக்கிறது என்பது உண்மை. அப்பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பள்ளமே இல்லையென்று சாதிப்பது கணக்காகாது.

இடமும் காலத்தோடு கலந்தது

பதிவுச் சட்டப்படி, மரணம் நேர்ந்த இடத்திலுள்ள பதிவாளரின் ஏட்டில்தான் அது ஏறும். வாழ்ந்த இடத்தில் அன்று. எண்ணூரிலோ மணலியிலோ வாழ்ந்தவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உயிர்நீத்தால், ஆஸ்பத்திரி அமைந்த வட்டாரத்தின் ஏட்டில் அவர் பெயர் ஏறுகிறது. பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வருவோர் நிலையும் அதுவே. ஆகவே பெரிய ஆஸ்பத்திரி உள்ள வட்டாரத்தின் மரணத் தொகையைப் பார்த்து, அவ்வட்டாரத்தில் வாழ்வது ஆபத்து என்று முடிவு செய்வது தவறு. அதேபோல், தொழிற்சாலைப் புகைக்கு நடுவே வாழும் எண்ணூரின் ஏட்டில் மரணங்கள் குறைவாக இருப்பதைக் கண்டு, அங்கு யாவரும் நலம் என்று சொல்வதும் தவறு. வசிப்பிடத்தை வைத்துப் பிரித்த பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். வடசென்னையின் காற்றையும் நீரையும் பற்றி வாதிடுவோர் முதலில் கேட்க வேண்டியது அப்பட்டியலைத்தான்.

ஓர் ஆட்சேபம்

“இறந்தவர் இறந்தவரே, அவரை எந்த மாதத்தில் எழுதினால் என்ன?” என்று கேட்போர் உண்டு. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் வாயில் இச்சொல் வந்தால் அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அக்குடும்பத்தின் உரிமையே தேதியில் அடங்கியிருக்கிறது என்பதையும் நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை அளிக்கும் ஏற்பாட்டைச் சுப்ரீம் கோர்ட் 2021 அக்டோபரில் ஏற்றது. அதற்கு முந்திய மாதம் வெளியான அரசாங்க நெறிமுறையின்படி, பரிசோதனை செய்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணம், வீட்டில் நேர்ந்திருந்தாலும் கொரோனா மரணமாகக் கொள்ளப்படும். ஆக, பரிசோதனைச் சீட்டின் தேதியும் மரணச் சான்றின் தேதியும் கையில் இருந்த குடும்பம் தன் வழக்கை நிறுவிக்கொள்ள முடிந்தது. சீட்டைத் தொலைத்த குடும்பம் அலைந்தது. பின்னர், 2022 மார்ச் 20க்கு முன் நேர்ந்த மரணங்களுக்கு 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்றும், அதற்குப் பின் நேரும் மரணங்களுக்கு 90 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்றும் கோர்ட் கெடு விதித்தது. கெடுவை அறியாதவர்களுக்கு இழப்பு இரட்டிப்பாயிற்று.

அங்கத்தினர் பலர் வங்கிக் கணக்கு மூலம் சேர்ந்துள்ள பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டையும் நோக்குங்கள். 2 லட்சம் ரூபாய்க்கான அக்காப்பீட்டின் ஆண்டு ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடிகிறது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் 30 நாட்களுக்குள் விபத்தல்லாத காரணத்தால் இறந்தால் தொகை கிடையாது. மே 31 இரவு நேர்ந்த மரணத்தை ஜூன் 1 என்று கவனக்குறைவாக எழுதினால், பிரீமியம் புதுப்பிக்கப்படாத குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கைநழுவும். ஒரு நாள், ஓர் எழுத்து; ஆனால் ஒரு விதவையின் பிழைப்பு.

காரணம் எழுதும் விஷயமும் இத்துடன் சேர்ந்தது. 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டுமே. மற்றவை எந்த நோயால் நேர்ந்தன என்பது ஏட்டில் இல்லை. காரணம் எழுதப்படாத மரணம், எந்த நோய்க் கணக்கிலும் சேராமல் மொத்தத் தொகையில் மட்டும் நிற்கும். பஞ்சுத் தூசியிலும் சாயத் தொட்டியிலும் பூச்சி மருந்திலும் உழைத்த நம் அங்கத்தினர்களுக்கு, தொழிலால் நோய் வந்தது என்று நாளை நிறுவ வேண்டுமானால், இன்று ஏட்டில் காரணம் இருக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். மரணத் தொகை எதுவாயினும், அது எந்தக் காலத்துக்குரியது, எந்தத் தேதியை அடிப்படையாகக் கொண்டது, எந்த நாளில் முடிந்தது என்ற மூன்றையும் அதன் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். பின்னர் சேர்க்கப்படும் மரணங்களை, சேர்த்த நாளின் கணக்கில் கொட்டாமல், நேர்ந்த நாளின் கணக்கில் இட்டுத் திருத்திய பட்டியலை வெளியிட வேண்டும். திருத்துவது அவமானமன்று, திருத்தியதை மறைப்பதே அவமானம். திருத்தம் வெளிவரும்போது “அகப்பட்டுக்கொண்டார்கள்” என்று எள்ளி நகையாடாமல் இருக்கும் பொறுப்பு மக்களாகிய நமக்கும் உண்டு. எள்ளலுக்கு அஞ்சி அடுத்த அதிகாரி திருத்தாமலே விட்டுவிடுவார்.

பிறரிடம் கேட்கும் முன் நம் வீட்டைச் சரிசெய்வோம். அங்கத்தினர் பதிவேட்டில் “இறந்தார்” என்ற ஒரு சொல்லோடு பெயரை அடித்துவிடும் வழக்கம் சில சங்கங்களில் இருக்கிறது. வேறு சிலவற்றில், பங்குத்தொகையை வாரிசுக்குத் திருப்பிக் கொடுத்த ஆண்டையே மரணம் நேர்ந்த ஆண்டாகக் கொள்கிறார்கள். மூன்றாண்டு நிலுவையை ஒரே ஆண்டில் தீர்த்தால், ஆண்டறிக்கையில் அவ்வாண்டு ஏதோ கொள்ளைநோய் வந்தது போலத் தோன்றும்! இதைத் தவிர்க்க, ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினர் மரணப் பதிவேடு ஒன்றைத் தனியே வைக்கலாம். இறந்த தேதி, சங்கத்துக்குத் தெரிந்த தேதி, பதிவாளர் பதிந்த தேதி, சான்றின் எண், சான்றில் கண்ட காரணம், வாரிசுதாரர் பெயர், தொகை தீர்த்த தேதி என்று ஏழு கலங்கள் போதும். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.

வீட்டில் மரணம் நேர்ந்தால் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை குடும்பத் தலைவருடையது; ஆஸ்பத்திரியில் நேர்ந்தால் அதன் பொறுப்பு அதிகாரியுடையது. துக்க வீட்டார் 21 நாட்களை எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்கள். நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ அவ்வீட்டுக்குச் சென்று, பதிவு நடந்ததா, பெயரும் தேதியும் பிழையின்றி உள்ளனவா, காப்பீடு உண்டா என்று கேட்டு உதவினால், அதுவே மெய்யான கூட்டுறவு. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் பதிவான மரணச் சான்றை இணையதளத்திலிருந்து கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது. படித்த இளைஞர் ஒருவர் இப்பணியை ஏற்றால் சங்கத்துக்கே பெருமை.

2020ஆம் ஆண்டின் அந்த 444 பேரும் வெறும் எண்கள் அல்லர். அவர்களில் நம் தறியில் அமர்ந்தவரும், நம் வண்டியில் மூட்டை ஏற்றியவரும், நம் பண்டகசாலையில் அரிசி வாங்கியவரும் இருந்திருக்கலாம். ஆறு வாரமோ அதற்கு மேலோ அவர்கள் எந்த நோயின் கணக்கிலும் இல்லாதவர்களாக இருந்தார்கள். பதிவேடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கச் சிலர் வற்புறுத்தியதால்தான் அவர்களுக்குரிய இடம் கிடைத்தது. அவ்வாறு வற்புறுத்தும் பழக்கமும், வற்புறுத்தும் முன் காலத்தையும் தேதியையும் கேட்டறியும் பொறுமையும் கூட்டுறவு அங்கத்தினர்களிடம் வளர வேண்டும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இறந்த அங்கத்தினர்களுக்கு அஞ்சலி செலுத்தும்போது, அவர்களுடைய பெயரோடு தேதியையும் வாசிக்கும்படி காரியதரிசியைக் கேளுங்கள். தேதி தெரியாத பெயர் ஒன்று இருந்தால், சங்கத்தின் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.